முன்வரிசையைவிட நல்ல இடம்: சென்னையில் திறந்தவெளிக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

பிடித்த பாடகர் சென்னைக்கு வருகிறார் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது மேடைக்கு மிக நெருக்கமான டிக்கெட்டைத்தான். பிளாட்டினம், டயமண்ட், கோல்டு, சில்வர் என்று விலை இறங்க இறங்க இடமும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். விலை கூடினால் பாட்டும் நன்றாகக் கேட்கும் என்று நினைப்பது இயல்பு. திறந்தவெளியில் அப்படி இல்லை. அந்த விலை கண்ணுக்கானது. பாடகரின் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்குத்தான் அந்தப் பணம். காதுக்கு நல்ல இடம் பெரும்பாலும் நடு விலையில் இருக்கிறது.

அது எங்கே என்று கண்டுபிடிக்க, மைதானத்தின் நடுவில் ஒரு சின்ன மேடையும் அதன்மேல் ஒரு கூடாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் இருப்பதுதான் மிக்ஸிங் கன்சோல். மேடையிலிருந்து பொதுவாக 25 முதல் 40 மீட்டர் தூரத்தில் போட்டிருப்பார்கள். சவுண்ட் என்ஜினியர் அங்கே நின்று தன் காதால் கேட்டுத்தான் குரலையும் வாத்தியங்களையும் சேர்க்கிறார். குரல் சரியாக இருக்கிறது என்று அவர் தீர்மானிப்பது அந்த இடத்தில் கேட்கும் குரலை வைத்து. அதனால் அவர் கேட்பதை நீங்களும் கேட்க வேண்டுமென்றால் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார வேண்டாம், மேடை மறைக்கும். அதற்கு முன்னால் நாலைந்து வரிசை தள்ளியோ, பக்கவாட்டில் சில அடி விலகியோ இருப்பது நல்லது. டிக்கெட் எடுக்கும்போது இருக்கை வரைபடத்தில் நடுவில் ஒரு காலிக் கட்டம் தெரிந்தால் அநேகமாக அதுதான் கன்சோல். அந்தக் கட்டம் எந்தப் பிரிவுக்குள் விழுகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

முன்வரிசையில் என்ன நடக்கிறது? பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் வளைந்த சரமாகத் தொங்குகின்றன. லைன் அரே என்பார்கள். அவை குறிவைப்பது தூரத்தில் இருப்பவர்களை. முன்வரிசைக்காரர் அந்த இரண்டு சரங்களுக்கும் நடுவில், அவற்றின் வீச்சுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். அவர் காதுக்கு வருவது மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸ் அடியும், மேடைக்குக் கீழே அடுக்கிய சப்-ஊஃபர்கள், அதாவது பாஸ் என்னும் தாழ்ந்த ஓசைக்கான பெரிய ஸ்பீக்கர்கள், எழுப்பும் அதிர்வும்தான். குரலுக்காக மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்களை வரிசையாக வைப்பார்கள். அவை இல்லாமல் போனாலோ, சத்தம் குறைவாக வைக்கப்பட்டிருந்தாலோ, பாடகர் பத்தடி தூரத்தில் நின்று பாடினாலும் வார்த்தை புரியாது. ஹரிஹரனின் மெல்லிய இழைப்பும், சித்ரா ஒரு வரியை முடிக்கும்போது குரலைக் குறைத்துக்கொண்டே போகும் விதமும் அந்த அதிர்வில் மூழ்கிவிடும். இதற்காகவே ஒருவர் குரலை நேசித்துவிட்டு, அதைக் கேட்க முடியாத இடத்துக்கு அதிக விலை கொடுப்பது வருத்தமான விஷயம்.

மைதானத்தின் நடுக்கோட்டில் மிகச்சரியாக நிற்பதும் வேண்டாம். சப்-ஊஃபர்களை இடமும் வலமுமாக இரண்டு அடுக்காக வைத்திருந்தால், நடுக்கோட்டில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே தூரம். இரண்டு அலைகளும் ஒன்றாக வந்து கூடி, பாஸ் நெஞ்சில் இடிக்கும். கொஞ்சம் விலகினால் ஒரு பக்கத்து அலை சற்றுத் தாமதமாக வரும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் ஏறக்குறைய 5.8 மீட்டர். அடுக்குகளுக்கு இடையே 16 மீட்டர் இடைவெளி என்றால், மேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து 7 மீட்டர் விலகிய இடத்தில் அந்த ஓசை கிட்டத்தட்ட காணாமல் போகும். நடுக்கோட்டிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்றால் பாஸும் அளவாக இருக்கும், குரலும் அதற்குமேல் எழுந்து நிற்கும். மேடையின் முன்னால் சப்-ஊஃபர்களை ஒரே வரிசையாகப் பரப்பியிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. கச்சேரிக்கு முன்பே நடந்து பார்த்தால் எந்த ஏற்பாடு என்று தெரிந்துவிடும்.

சில்வர் டிக்கெட்காரர்களுக்கு வேறு கணக்கு. பெரிய மைதானத்தில் பின்பகுதிக்கென்று தனியாகக் கோபுரம் நட்டு ஸ்பீக்கர் தொங்கவிடுவார்கள். இதை டிலே டவர் என்பார்கள். ஒலி ஒரு விநாடிக்கு 350 மீட்டர்தான் போகிறது. மேடையிலிருந்து 80 மீட்டர் தூரத்தைக் கடக்கக் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். அதனால் கோபுர ஸ்பீக்கர் அதே அளவு காத்திருந்து ஒலிக்கும்படி செய்து, இரண்டு ஓசையும் ஒன்றாக வந்து சேர ஏற்பாடு செய்கிறார்கள். மதியம் 33 டிகிரி வெயிலில் செய்த கணக்கு, இரவு 26 டிகிரிக்கு இறங்கும்போது சுமார் 3 மில்லி விநாடி பிசகும். எதிரொலியாகக் கேட்காது, ஆனால் மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்கும். நல்ல என்ஜினியர் இடையிலேயே திருத்திவிடுவார். உங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு முறை கேட்பதுபோல் இருந்தால், இரண்டு கோபுரங்களின் வீச்சுக்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். பத்தடி முன்னாலோ பக்கத்திலோ நகர்ந்து பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கோபுரத்துக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள். ஓசை தலைக்குமேல் தாண்டிப் போய்விடும்.

காற்றும் விளையாடும். சென்னையில் மாலைக் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். மேடையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீசினால் ஒலி தரைப்பக்கமாக வளைந்து வந்து தூரத்திலும் தெளிவாக விழும். எதிர்க்காற்று என்றால் மேலே வளைந்து போய்விடும், பின்வரிசைகளில் குரல் வந்து வந்து மறையும். ச, ஸ, ஷ போன்ற சீறல் ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஈரக்காற்று உச்ச ஒலிகளை வறண்ட காற்று அளவுக்கு விழுங்காது.

முதல் இரண்டு மூன்று பாட்டுகளை வைத்து கச்சேரியை எடைபோடாதீர்கள். மதியம் சவுண்ட் செக் செய்தபோது மைதானம் காலி. இப்போது ஆயிரக்கணக்கான உடல்களும் அவற்றின் கூச்சலும் இருக்கின்றன. கன்சோல் பக்கத்தில் நின்றால் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் பல்லவி போகும்போது என்ஜினியரின் ஒரு விரல், பாடகரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை விட்டு எடுபடாது. மறு கை கீபோர்டையோ கிடாரையோ இறக்கிக் குரலுக்கு இடம் உண்டாக்கும். பாடகர் மேடையிலிருந்து நீளும் ராம்ப்பில் நடந்து வரும்போது கவனியுங்கள். அவர் கையிலுள்ள மைக் இப்போது பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் வந்துவிட்டது. ஸ்பீக்கரின் ஓசையே மைக்கில் புகுந்து வீல் என்று கத்திவிடும் ஆபத்து. அதைத் தவிர்க்க அவர் குரலைச் சற்று இறக்குவார்கள், மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் வெட்டுவார்கள். அந்த ஒரு பாட்டில் குரல் மெலிந்து கேட்டால் பாடகரைக் குறை சொல்ல வேண்டாம்.

கூட்டம் சேர்ந்து பாடுவதிலும் இந்தத் தூரக் கணக்கு இருக்கிறது. பாடகர் மைக்கை நம் பக்கம் நீட்டுகிறார். 100 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு இசை 0.29 விநாடி தாமதமாக வருகிறது. அவர் பாடியது மேடைக்குத் திரும்பிப் போக இன்னொரு 0.29 விநாடி. நிமிடத்துக்கு 100 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டின் நீளமே 0.6 விநாடிதான். பின்வரிசையின் கோரஸ் கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டு பிந்தித்தான் மேடையைத் தொடுகிறது. பாடகர்கள் காதுக்குள் இயர்பீஸ் வைத்துத் தாளத்தைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். நம் அன்பைக் கேட்க ஒரு பக்கத்து இயர்பீஸைக் கழற்றும்போது அவர்கள் எடுக்கும் சிரமம் சின்னதல்ல. கைதட்டும்போது எல்இடி திரையைப் பார்த்துத் தட்டாதீர்கள். திரையில் டிரம்மரின் குச்சி இறங்குவது முதலில் தெரியும், ஓசை பின்னால்தான் வரும். காதில் விழுவதோடு சேர்ந்து தட்டுங்கள்.

நேரத்தைப் பற்றி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். சாதாரணக் கச்சேரிக்கு 10 மணிதான் எல்லை. அறிவித்த நேரம் 6.30 என்று இருந்து 7.30-க்குத் தொடங்கினாலும் முடிவு தள்ளிப்போகாது. அந்த ஒரு மணி நேரம் பாட்டுப் பட்டியலிலிருந்துதான் வெட்டப்படும். மிகப் பிரபலமான பாட்டுகளைக் கடைசிக்கு வைப்பதுதான் வழக்கம் என்பதால், நெரிசலுக்குப் பயந்து 9.15-க்குக் கிளம்புகிறவர்கள் எதற்காக வந்தார்களோ அதையே விட்டுவிட்டுப் போகிறார்கள். கிளம்பும் திட்டத்தைக் கூட்டத்தை வைத்துப் போடுங்கள். கடிகாரத்தை வைத்துப் போடாதீர்கள்.

மாதமும் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை சென்னையில் திறந்தவெளிக்கு நல்ல காலம். 2019-இல் இளையராஜாவின் 75-ஆம் ஆண்டு விழாக் கச்சேரி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பிப்ரவரி 2, 3 தேதிகளில்தான் நடந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் பகல் வெயில் மாலையில் இடிமழையாக மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பனையூரில் 2023 ஆகஸ்ட் 12-க்கு அறிவித்திருந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10-இல் நடந்தது. அன்று டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். குடும்பங்கள் கூட்டத்தில் பிரிந்தன. ரஹ்மானே எக்ஸ் தளத்தில் டிக்கெட் நகலையும் குறைகளையும் அனுப்பச் சொன்னார்.

அந்த இரவிலிருந்து ரசிகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. முதலில் பாதை. பனையூர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். பழைய மகாபலிபுரம் சாலைக்குத் தாவ அக்கரை–சோழிங்கநல்லூர் இணைப்புதான் பக்கத்தில் இருக்கிறது. அதை விட்டால் தெற்கே கோவளம்–கேளம்பாக்கம் வரை போக வேண்டும். ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே மாலையில் அந்த வழியில் வந்தால் சாலையே நின்றுவிடும். அங்கே கச்சேரி என்றால் காரில் நால்வராகச் சேர்ந்து, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். இல்லாவிட்டால் போவதா என்பதையே யோசியுங்கள். நந்தனம் மைதானம் அப்படியில்லை. அண்ணா சாலையிலேயே இருக்கிறது. நந்தனம், சைதாப்பேட்டை என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள் நடக்கும் தூரத்தில். சைதாப்பேட்டையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் உண்டு. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

மெட்ரோவில் போகிறவர்கள் பயண அட்டையில் திரும்பி வரும் பணத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செல்போனைத் திறப்பதால் நெட்வொர்க் படுத்துவிடும், க்யூஆர் டிக்கெட் எடுக்க முடியாது, கவுண்டரில் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். சில கச்சேரிகளுக்குக் கச்சேரி டிக்கெட்டையே மெட்ரோவில் காட்டிப் போகலாம் என்று அறிவிப்பார்கள், அதையும் முன்பே பார்த்துவையுங்கள். நந்தனம் நிலையத்தில் கூட்டம் அதிகமென்றால் ஒரு நிலையம் தள்ளி, தேனாம்பேட்டைக்கு நடந்துவிடுவது நல்லது. ஆட்டோவோ டாக்ஸியோ செயலியில் கூப்பிடுகிறவர்கள் மைதான வாசலில் நின்று கூப்பிடாதீர்கள். ஓட்டுநர் நெரிசலுக்குள் வர முடியாமல் ரத்து செய்துவிடுவார். ஒரு கிலோமீட்டர் நடந்து, அவர் வரும் திசையில் நின்று கூப்பிட்டால் வந்துவிடுவார்.

கச்சேரி டிக்கெட்டின் க்யூஆர் கோடை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு நகலை அச்செடுத்தும் வைத்திருங்கள். அந்தக் கோடு ஒருமுறைதான் வேலை செய்யும். ஆசையில் டிக்கெட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால், வேறொருவர் அதைக் காட்டி முதலில் உள்ளே போய்விடலாம். கடைசி நேரத்தில் தெரியாதவரிடம் வாங்கும் டிக்கெட்டிலும் இதே ஆபத்து. இருக்கை எண் இல்லாத பிரிவுகளில் வாசல் திறந்த முதல் அரை மணி நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உள்ளே போனதும் கும்பலாகப் போனவர்கள் சந்திக்கும் இடத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ‘மேடைப் பக்கம்’ என்று சொல்வதில் பயனில்லை. ‘மூன்றாம் எண் வாசலுக்கு வெளியே, தண்ணீர் லாரி நிற்கும் இடம்’ என்று நகராத அடையாளமாகச் சொல்லுங்கள்.

வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மாலை 4 மணிக்குத் தயிர்சாதமோ இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போனால் ஸ்டால் வரிசையில் இரண்டு பாட்டை இழக்க வேண்டியதில்லை. பல இடங்களில் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மடித்து வைக்கக்கூடிய ரெயின்கோட், பாக்கெட்டில் அடங்கும் ஓஆர்எஸ் பொட்டலம், மூடிய காலணி இவை போதும். மழை பெய்த மண் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் இறங்கிச் சாயும். பெரியவர்களைப் பாதை ஓரத்தில், கெட்டியான தரையில் உட்கார வையுங்கள்.

நெரிசலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நின்றால் நாம் நினைத்த பக்கம் நகரலாம். ஐந்தைத் தாண்டினால் இரண்டு தோளும் பக்கத்தவர்மேல் உரசும். ஆறு, ஏழு என்று போனால் கூட்டம் தண்ணீரைப்போல அலையடிக்கும், யாரும் தள்ளாமலே நாம் நகர்த்தப்படுவோம். கையைத் தூக்கி முகத்தைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு விலக வேண்டிய நேரம் அது. அலைக்கு எதிராக முட்டாதீர்கள். ஒரு அலை போய் அடுத்தது வருவதற்குள் குறுக்குச் சாய்வாக ஓரத்தை நோக்கி இரண்டடி நகருங்கள். முழங்கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மூச்சுவிட இடம் இருக்கும். கீழே விழுந்த செருப்பையோ போனையோ எடுக்கக் குனியாதீர்கள். நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, நெஞ்சு அழுந்தி மூச்சுவிட முடியாமல். 2021 நவம்பரில் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோவேர்ல்டு விழாவில் 10 பேர் இறந்தது அப்படித்தான்.

2023 நவம்பர் 25-இல் கொச்சி பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் நிகிதா காந்தியின் கச்சேரிக்கு முன் 4 பேர் இறந்தார்கள். மழை தொடங்கியதும் வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடினார்கள், படிக்கட்டில் முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். மழைத் துளி விழுந்ததும் ஓடாமல் நின்ற இடத்திலேயே ரெயின்கோட்டை மாட்டுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இரும்புக் கோபுரங்களை விட்டு விலகிக் கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ போக வேண்டும். பலத்த காற்றில் தொங்கும் ஸ்பீக்கர்களையும் திரையையும் இறக்க ஆரம்பித்தால் கூச்சல் போடாதீர்கள். அந்த ஊழியர்கள் நம் தலையைக் காப்பாற்றுகிறார்கள்.

வீடியோ எடுக்க ஆசை இருக்கும். ஒரு பாட்டில் அரை நிமிடம் எடுத்துவிட்டுப் போனை உள்ளே வையுங்கள். சப்-ஊஃபர் பக்கத்தில் போன் மைக் தாங்காமல் ஓசை உடைந்துபோகும், தொலைவில்தான் ஒலி ஓரளவு சுத்தமாகப் பதிவாகும். நெஞ்சு உயரத்தில் பிடித்தால் பின்னால் இருப்பவருக்கும் மேடை தெரியும்.

கடைசியாகக் காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதி நேரம்தான் தாங்கும். 94-இல் 1 மணி, 100-இல் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்சவரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். முன்வரிசையில், சப்-ஊஃபர்களுக்கு அருகில், அதைத் தாண்டுவது எளிது. பஞ்சு மாதிரியான ஃபோம் அடைப்பான் மேல்ஸ்தாயியை அதிகம் வெட்டிக் குரலை மந்தமாக்கிவிடும். இசைக்கென்று விற்கும் ஃபில்டர் வைத்த சிலிகான் அடைப்பானில் எல்லா ஓசையும் ஏறக்குறைய சமமாகக் குறையும், வார்த்தை தெளிவாகவே இருக்கும். குழந்தைகளுக்குக் காதை மூடும் மஃப் கட்டாயம். அவர்கள் கையில் உங்கள் போன் எண் எழுதிய பட்டையும் கட்டிவிடுங்கள். வீடு திரும்பியபின் காதில் ரீங்காரம் இருந்தால் அன்றிரவு ஹெட்போன் போடாமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் அது போகவில்லை என்றால், அல்லது ஒரு காது மட்டும் அடைத்ததுபோல் இருந்தால், தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர்ச் செவித்திறன் குறைவுக்கு முதல் சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம்.